வீட்டில் ரெசின் பிரிண்டர் வைத்துக் கொலு பொம்மை செய்பவர்கள் இருக்கிறீர்களா? தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து ஒரு கேள்வி

தண்டையார்பேட்டை_மாடி:

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ரெசின் பிரிண்டர் (திரவப் பிசினை வெளிச்சத்தால் அடுக்கடுக்காகக் கெட்டியாக்கிப் பொம்மை செய்கிற 3டி பிரிண்டர்) வாங்கினேன். 4கே திரை, ஆறரை இஞ்ச் சொச்சம். வாங்கிய காரணம் ஒன்றே ஒன்றுதான். என் தாத்தா காசிமேட்டில் கட்டுமரத்தில் போனவர். அவர் கட்டுமரத்தோடு நிற்கிற மாதிரி ஒரு போட்டோகூட எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல (கட்டை எத்தனை, எந்தக் கட்டை நீளம், கயிறு எப்படிச் சுற்றும், தாத்தா எந்தக் காலை முன்னால் வைத்து நிற்பார்) பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் மூன்று மாதம் உட்கார்ந்து வடிவம் செய்து முடித்தேன். என் மனைவி வீட்டில் கொலு வைக்கிற வழக்கம் உண்டு, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் ஐந்து படி வைக்கிறோம். இந்த வருஷம் மூன்றாவது படியில் தாத்தா நிற்க வேண்டும் என்பது ஆசை.

பிரச்சினை என்னவென்றால், ஐந்து தடவை போட்டதில் மூன்று தடவை, பொம்மை ஒட்டித் தொங்க வேண்டிய பில்ட் பிளேட்டில் ஒன்றுமே இல்லை. தொட்டியின் அடியில் ஒரு தட்டை அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. நான்காவது தடவை கட்டுமரம் பாதி வரை வந்து கிழிந்துவிட்டது. ஐந்தாவதில் தாத்தா வந்தார், கையில் துடுப்பு இல்லை.

இடம் வேறு சிக்கல். எங்களுடையது ஒரே பெட்ரூம். மூன்று வயதுப் பையன் இருக்கிறான். அதனால் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பழைய சாமான் ரூமில் வைத்திருக்கிறேன். கீழ் வீட்டு அக்கா வாடை வருகிறது என்கிறார். வாட்டர் வாஷபிள் ரெசின்தான் வாங்கினேன், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், பிரிண்ட் ஆன பொம்மையைப் பாத்ரூமில் கழுவிவிடலாம் என்றார்கள். என்ன தப்பு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லேயர்:

தம்பி, முதலில் ஒன்று. தொட்டி அடியில் அப்பளம் கிடக்கிறதே, அதை எடுக்காமல் அடுத்த பிரிண்ட் போடவே போடாதீர்கள். பிளேட் கீழே இறங்கி அந்தத் துண்டை அழுத்தினால் தொட்டியின் அடியாக இருக்கிற எஃப்இபி ஃபிலிம் (வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தாள்) கிழியும், ரெசின் கீழே இருக்கிற எல்சிடி திரை மேல் வடியும், அதோடு பாதி மெஷின் விலை போச்சு. ஒவ்வொரு ஃபெயிலுக்கும் பிறகு ரெசினைப் பெயின்ட் வடிகட்டுகிற பேப்பர் புனலில் ஊற்றி வடிகட்டி எடுங்கள். தொட்டியைத் தடவிப் பார்க்க பிளாஸ்டிக் கரண்டி மட்டும், இரும்பு கூடாது.

ஏன் ஒட்டவில்லை என்று புரிய, அந்த மெஷின் என்ன செய்கிறது என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். கீழேயிருந்து 405 நானோமீட்டர் வெளிச்சம் வருகிறது, எல்சிடி அதில் வேண்டாத இடத்தை மறைக்கிறது, விழுந்த இடத்தில் மட்டும் ரெசின் கெட்டியாகிறது. கெட்டியான அந்த 0.05 மில்லிமீட்டர் தோல் பிளேட் பக்கமும் ஒட்டியிருக்கும், அடியில் ஃபிலிமிலும் ஒட்டியிருக்கும். பிளேட் மேலே போகும்போது இரண்டு பக்கமும் இழுபறி நடக்கிறது. பிளேட் ஜெயிக்க வேண்டும். உங்கள் மெஷினில் ஃபிலிம் ஜெயிக்கிறது.

முதல் சந்தேகம் லெவலிங், அதாவது பிளேட்டைத் திரைக்குச் சமமாக நிறுத்துவது. பிளேட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, திரை மேல் ஒரு ஏ4 தாளை வைத்து, ஹோம் கொடுத்து (பிளேட்டை அடி வரை இறக்கி), பிளேட்டை விரலால் சமமாக அழுத்திப் பிடித்து, எதிரெதிர் ஸ்க்ரூவாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கும்போது பிளேட் ஒரு முடி அளவு திரும்பினாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அடி லேயர் ஐந்தாறுக்கு 30 வினாடி எக்ஸ்போஷர் (வெளிச்சம் காட்டும் நேரம்), மற்ற லேயருக்கு இரண்டரை வினாடி, இதில் தொடங்குங்கள்.

இரண்டாவது, கட்டுமரத்தைத் தட்டையாகப் படுக்கவைத்துத்தானே போட்டீர்கள்? அதனால்தான் கிழிந்தது. தட்டை என்றால் ஒரு லேயரின் பரப்பு ஒரேயடியாகப் பெரிதாகிவிடும், பரப்பு பெரிதானால் ஃபிலிமின் பிடியும் பெரிது. முப்பது, நாற்பது டிகிரி சாய்த்துப் போடுங்கள். ஒவ்வொரு லேயரும் ஒரு கீற்றாகத்தான் இருக்கும், சுலபமாக உரிந்து வரும்.

துடுப்புக்குத் தனியாக சப்போர்ட் (தாங்கி நிற்கிற மெல்லிய குச்சிகள், பிறகு பிடுங்கிவிடலாம்) வேண்டும். சாய்த்த பிறகு ஸ்லைசரில் (வடிவத்தை லேயராக வெட்டிக் கொடுக்கும் சாஃப்ட்வேர்) லேயர் லேயராக நகர்த்திப் பாருங்கள். திடீரென்று அந்தரத்தில் ஒரு புள்ளி முளைக்கும் இடம் இருந்தால் அங்கே சப்போர்ட் இல்லை என்று அர்த்தம். அந்தப் புள்ளி பிளேட்டைச் சேராமல் தொட்டியில் மிதக்கும், உங்கள் துடுப்பு அப்படித்தான் போயிருக்கும்.

ராயபுரம்_கேரம்:

ஒரு டவுட் அண்ணா. எனக்கு ஒரு கேரம் பிளேயர் பொம்மை செட் செய்ய வேண்டும், நாலு பேர். ஒன்றுக்கு நாலு மணி நேரம் என்றால் நாலு பேருக்குப் பதினாறு மணி நேரமா? கரண்ட் அத்தனை நேரம் நிற்குமா எங்கள் ஏரியாவில்?

பெரம்பூர்_லேயர்:

இல்லை தம்பி. ஒரு லேயர் முழுவதும் ஒரே ஃபிளாஷில் வருகிறது, பிளேட்டில் ஒருவர் நின்றாலும் நாலு பேர் நின்றாலும் நேரம் ஒன்றுதான். உயரம்தான் கணக்கு. 80 மில்லிமீட்டர் உயரம், 0.05 லேயர் என்றால் 1600 லேயர். வெளிச்சம், தூக்குவது, இறக்குவது எல்லாம் சேர்த்து லேயருக்கு ஒன்பது வினாடி என்று வைத்தால் நாலு மணி நேரம். நாலு பேரையும் ஒன்றாகவே நிற்கவையுங்கள். கரண்டுக்குக் கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்று வையுங்கள், இந்த மெஷின் ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான் இழுக்கும். நடுவில் நின்று திரும்ப வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், முகத்தில் விழுந்தால் மறைக்கவே முடியாது.

பல்செட்_அக்கா:

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். பல் லேபில் வேலை, பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் லேபில் தினமும் ரெசின் பிரிண்டர் ஓடுகிறது. மாடி தம்பிக்கு யாரும் இன்னும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளவுஸ் போடுகிறீர்களா? எந்தக் கிளவுஸ்? மெடிக்கலில் கிடைக்கும் வெள்ளை லேட்டக்ஸ் போதாது, ரெசின் அதைத் தாண்டி வந்துவிடும். நைட்ரைல் வேண்டும். அதிலும் ரெசின் பட்டுவிட்டால் உடனே கழற்றி வேறு மாட்ட வேண்டும், ‘இன்னும் ஒரு பொம்மைதானே’ என்று அதையே வைத்துக்கொள்ளக் கூடாது.

என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. கை வைத்தே கழுவுவாள், ஒன்றும் செய்யாது என்பாள். ஒரு நாள் ஆள்காட்டி விரல் நுனியில் சின்னச் சின்னக் கொப்புளம். அரிப்பு. அப்புறம் தோல் பாளம் பாளமாக வெடித்தது. அக்ரிலேட் அலர்ஜி என்றார் தோல் டாக்டர். இந்த அலர்ஜி ஒரு தடவை வந்தால் போகாது, உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் பாட்டிலைத் திறந்தாலே கண் இமை வீங்கியது. வேலையை விட்டுவிட்டாள். நல்ல கைத்திறன் உள்ள பெண், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தோலில் பட்டுவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அது ரெசினைக் கரைத்து இன்னும் உள்ளே கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும், நிறையத் தண்ணீர். வாடைக்கு கொரோனா மாஸ்க்கும் என்95ம் உதவாது, அவை தூசிக்கு. ஆவியைப் பிடிக்க கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். மாடி ரூம் நல்லதுதான், ஆனால் ஜன்னல் எங்கே இருக்கிறது? காற்று வெளியே போகிற மாதிரி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், கீழ் வீட்டு அக்கா பக்கமாக இல்லாமல்.

பையன் மூன்று வயது என்றீர்கள். ரூமுக்குப் பூட்டு. அதில் பேச்சே கிடையாது.

எண்ணூர்_கழிமுகம்:

மாடி தம்பி எழுதியதில் ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். “பாத்ரூமில் கழுவிவிடலாம் என்றார்கள்.” கழுவினீர்களா?

வாட்டர் வாஷபிள் என்றால் தண்ணீரில் கழுவலாம் என்று மட்டும்தான் அர்த்தம். கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றலாம் என்று அர்த்தம் இல்லை. கெட்டியாகாத ரெசின் தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு விஷம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், செத்த மீன் படம் போட்ட எச்சரிக்கை இருக்கும்.

உங்கள் பாத்ரூம் தண்ணீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாம். இல்லை, நம் ஏரியாவில் பல தெருவில் நடக்கிற மாதிரி மழைநீர் வடிகாலில் கலந்து கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கும் போகலாம். வடக்கே வந்தால் கடைசியில் நாங்கள் இறால் தடவுகிற இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது எங்கள் ஆட்கள் மக்கையும் வாளியையும் வைத்து அள்ளினார்கள். வலையெல்லாம் கறுப்பு. அதோடு பார்த்தால் ஒரு பொம்மை கழுவிய தண்ணீர் ஒன்றுமே இல்லைதான். ஆனால் உங்கள் தாத்தா கட்டுமரத்தில் போன அதே கடல் தம்பி இது. அவர் பொம்மையைக் கழுவிய தண்ணீர் அங்கே வந்து சேரக் கூடாது என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தண்டையார்பேட்டை_மாடி:

கோபம் இல்லை அண்ணா. கழுவினேன். மூன்று தடவை. வாட்டர் வாஷபிள் என்று போட்டிருந்ததால் சோப்புத் தண்ணீர் மாதிரி என்று நினைத்துவிட்டேன். அம்மாவிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இனிமேல் ஒரு சொட்டுகூடப் போகாது.

அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று யாராவது விவரமாகச் சொல்லுங்கள். பொம்மை கழுவ ஐபிஏவுக்கு (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அந்த ஸ்பிரிட்) மாறிவிடட்டுமா?

பெரம்பூர்_லேயர்:

எனக்கு ஐபிஏ பிடிக்கும், காரணம் நம் ஊர் ஈரப்பதம். வாட்டர் வாஷபிள் பொம்மை தண்ணீரில் அதிக நேரம் ஊறினாலோ உள்ளே ஈரம் தங்கினாலோ மெல்லிய இடங்களில் வெடிப்பு விடும். கடல் பக்கத்து வீட்டில் எனக்கு இரண்டு பொம்மை அப்படிப் போனது. ஆனால் ஐபிஏ பெட்ரோல் மாதிரி. பன்னிரண்டு டிகிரியிலேயே தீப்பிடிக்கிற ஆவி விடும், நம் சென்னையில் எந்நேரமும் அதற்கு மேல்தான். அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் அந்த ரூமில் கூடாது. ஐந்து லிட்டர் கேனில் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும், 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

கழுவ இரண்டு டப்பா. முதல் டப்பாவில் அழுக்கு ஐபிஏ, இரண்டாவதில் புதியது. முதலில் ஒரு நிமிஷம், இரண்டாவதில் ஒரு நிமிஷம், மெல்லிய பிரஷ்ஷால் இடுக்குகளில் தடவி, பிறகு காற்றில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு வெயிலில் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும். முழுதாகக் காய்ந்த பிறகு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பொம்மையை மூழ்கவைத்து, முழுதாகக் கெட்டியாக மாடி வெயிலில் பத்து நிமிஷம், திருப்பி வைத்துப் பத்து நிமிஷம். நம் ஊர் வெயிலுக்கு அதுவே போதும், தனி லைட் வாங்க வேண்டாம். மறந்துபோய் மத்தியானம் முழுக்க விட்டால் மஞ்சளாகி விரல் எல்லாம் பட்டென்று ஒடியும்.

அழுக்கான ஐபிஏவை மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் வெயிலில் வையுங்கள், ஆள் புழங்காத மூலையில், நெருப்புப் பக்கம் இல்லாமல். கரைந்த ரெசின் தயிர் மாதிரித் திரிந்து அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை வடிகட்டி மறுபடி முதல் டப்பாவுக்கு. அடியில் தங்கியதை ஒரு பழைய தட்டில் பரப்பி வெயிலில் கல்லாகிற வரை விட வேண்டும். வாட்டர் வாஷபிள் தண்ணீருக்கும் இதே முறைதான், அகலத் தட்டில் ஊற்றி ஆவியாகவிட்டு மிச்சத்தைக் காயவைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வெயில் இருக்காது, அப்போது ஜாடியில் மூடி வைத்துக் காத்திருங்கள்.

பல்செட்_அக்கா:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெசின் பட்ட கிளவுஸ், டிஷ்யூ, வடிகட்டிய பேப்பர் எல்லாவற்றையும் அப்படியே குப்பைப் பையில் போடாதீர்கள். மாடியில் வெயிலில் விரித்துக் காயவைத்து, தொட்டால் ஒட்டாத பிறகு போடுங்கள். நம் தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மா வெறும் கையால்தான் பிரிக்கிறார். அவருக்கு அது என்னவென்றே தெரியாது.

கொசப்பேட்டை_மண்:

தாமதமாக வருகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மண் பொம்மை, பிள்ளையார், கொலு செட் செய்கிறோம். நான் எந்த மெஷினுக்கும் எதிரி இல்லை. போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் ரெசின் பொம்மை கொண்டுவந்து காட்டினான், அந்த மடிப்பு, அந்தக் கொலுசு, எங்கள் கையில் அவ்வளவு சின்னதாக வராது. ஆச்சரியமாகப் பார்த்தேன்.

ஆனால் ஒரு யோசனை. கொலு பொம்மையைக் குழந்தைகள் எடுக்கும், வாயில் வைக்கும், விழும். உங்கள் தாத்தாவை ரெசினிலேயே பத்துப் பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நினைத்தால் வேண்டாம். ஒன்றே ஒன்று நன்றாக எடுங்கள். அதை வைத்து அச்சு எடுங்கள். அச்சில் மண் அழுத்தி எடுப்பது எங்கள் வேலை, அதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, மண்ணில் உள்ள தண்ணீரை அது உறிஞ்சும். துடுப்பும் கையும் அச்சில் மாட்டும், அதைத் தனியாகப் பிரித்து வடிவமைத்துக் கொடுங்கள். அப்புறம் மண் காய்ந்து சூளைக்குப் போய் வந்தால் சுருங்கும், நான் பிசைகிற மண் பத்துக்கு ஒரு பங்கு சுருங்குகிறது. அதனால் மாஸ்டரை (அச்சு எடுக்கிற மூலப் பொம்மையை) கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். நூறு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் நூற்றுப் பதினொன்று.

வர்ணம் பற்றி. முதலில் வெள்ளை அடிப்பூச்சு, இல்லாவிட்டால் எந்த நிறமும் செத்துப்போகும். ரெசினுக்கும் அதேதான், ஸ்ப்ரே பிரைமர் அடியுங்கள், ஆனால் மழை மூட்டத்தில் அடித்தால் மாவு பூத்த மாதிரி ஆகும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் வந்த பிறகு அடியுங்கள். நிறத்தைத் தண்ணீராக இரண்டு மூன்று தடவை, கெட்டியாக ஒரே தடவை அல்ல. வேட்டி முதலில், உடம்பு அப்புறம், கண் கடைசி. எங்கள் அப்பா கண் திறக்கிற அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்.

பெரம்பூர்_லேயர்:

சிலிக்கான் அச்சு எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளாட்டினம் வகை சிலிக்கான் ரெசின் பொம்மை மேல் இறுகாது, பொம்மையைத் தொடுகிற இடம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கும், அச்சும் போய் பொம்மையும் போய்விடும். டின் வகை சிலிக்கான் வாங்குங்கள்.

இன்னொன்று. உள்ளே குடைந்து போடுகிறவர்கள் சுவர் இரண்டு மில்லிமீட்டர் வைத்து, அடியில் குறைந்தது இரண்டு ஓட்டை விடுங்கள். உள்ளே தங்கிய ரெசின் மெதுவாக அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் ஷோகேசில் ஒரு குதிரைவீரன் மூன்று வாரம் கம்பீரமாக நின்றான். ஒரு நாள் காலையில் பார்த்தால் வயிற்றில் ஒரு விரிசல், அதிலிருந்து சாம்பல் நிறத்தில் பிசின் வடிந்து கண்ணாடித் தட்டில் தேங்கியிருந்தது.

தண்டையார்பேட்டை_மாடி:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

லெவலிங் தான் முதல் குற்றவாளி. ஒரு பக்கம் தாள் சுலபமாக உருவியது, மறு பக்கம் இறுகியது. சரி செய்த பிறகு ஒரு தடவைகூட அப்பளம் விழவில்லை. வெயில் பட்டு ரெசின் கெட்டியாகாமல் இருக்க ரூமில் ஜன்னலுக்குச் சிவப்புத் தாள் ஒட்டினேன், எக்ஸாஸ்ட் தெருப் பக்கம் வைத்தேன். பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கீழே அடுப்பு மாதிரி இருக்கிறது, அதனால் இரவு ஒன்பது மணிக்குப் போட்டுவிட்டு விடியற்காலையில் எடுக்கிறேன். பூட்டுச் சாவி என் கழுத்தில். ஐபிஏவுக்கு மாறியாயிற்று. மூன்று ஜாடி வரிசையாக மாடிச் சுவரோரம் நிற்கிறது, அடியில் தயிர் இறங்கியிருப்பது தெரிகிறது.

நேற்றைய பிரிண்ட் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்பது டிகிரி சாய்த்து, 0.03 லேயரில், பதினோரு மணி நேரம். சப்போர்ட்டை உடனே பிடுங்காமல் வெந்நீரில் அரை நிமிஷம் வைத்தேன், வெண்டைக்காய்க் காம்பு மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்றது. கயிறு சுற்று ஒவ்வொன்றும் தெரிகிறது. நான் முறுக்கு கொடுத்து வரைந்திருந்தேன், அந்த முறுக்குகூட வந்திருக்கிறது, நகத்தால் தடவினால் நறநறவென்று தட்டுகிறது. தாத்தாவின் இடது காலில் பெருவிரல் மட்டும் கட்டை விளிம்பைப் பிடித்திருக்கும், அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைப் பார்க்கவில்லை, நேராக அந்த விரலைத்தான் பார்த்தார். ‘கயிற்று முடிச்சு வலது பக்கம் வரும், நீ இடது பக்கம் போட்டிருக்கிறாய்’ என்றார். இன்றைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கொசப்பேட்டை அண்ணா, துடுப்பும் இரண்டு கையும் தனியாகப் பிரித்துவிட்டேன், 111 சதவீதத்தில் மாஸ்டர் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரலாமா? அம்மாவும் வருகிறேன் என்கிறார், மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

கொசப்பேட்டை_மண்:

தாராளமாக வாங்க தம்பி. காலையிலேயே வந்துவிடுங்கள், மத்தியானம் சூளை வேலை இருக்கிறது. முடிச்சு எந்தப் பக்கம் என்று அம்மா வாயால் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்க. பிளாஸ்டர் ஊற்றிய பிறகு மாற்ற முடியாது.

ராயபுரம்_கேரம்:

நாலு பேரும் ஒரே பிளேட்டில் வந்துவிட்டார்கள் பெரம்பூர் அண்ணா, நாலே கால் மணி நேரம். ஸ்ட்ரைக்கர் மட்டும் காணோம். தொட்டியை வடிகட்டிக்கொண்டிருக்கிறேன்.